வாசிகசாலை ஒழுங்கை குறூப்: எட்டுச்செலவுக்கு முதல் நாள்

[மாலை 6:12] சந்திக்கடை அண்ணை: நாளைக்கு அக்காவின் மகனுடைய எட்டுச்செலவு, எட்டாம் நாள் கிரியை. அக்கா வீட்டில் கதிரை காணாது, வாசிகசாலையில் இருந்து ஒரு 20 கதிரை எடுத்துப் போகவேண்டும். யார் வருகிறீர்கள்?

[6:15] மில் மாமா: கதிரை எதற்கு, யார் வரப்போகிறார்கள்? செத்தவீட்டுக்கே பாதிச் சனம் படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பினது. தூள் (ஹெரோயின்) அடித்துச் செத்த பெடியன் என்று ஊர் முழுக்கக் கதை. ஒழுங்காக வளர்த்திருந்தால் இப்படி வந்திருக்குமா?

[6:16] ரீச்சர்: மாமா, அந்த மெசேஜை உடனே அழியுங்கோ. அக்காவின் நம்பரும் இந்தக் குறூப்பில்தான் இருக்கிறது.

[6:19] மில் மாமா: (இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது)

[6:33] ரீச்சர்: அழித்ததற்கு நன்றி மாமா, ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். 2009 சித்திரையில், கடைசிச் சண்டைக்குள், மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மாத்தளனில் கடல்நீரேரிக்குள்ளால் நடந்து வந்தவர் அவர். எனக்கு முன்னால்தான் நடந்தார், கழுத்தளவு தண்ணீர், பிள்ளையின் ஒரு செருப்பு விழுந்துவிட்டது என்று அழுதுகொண்டே வந்தார். புருஷன் இன்றுவரை வரவில்லை. மனிக்பாம் அகதி முகாம் கூடாரத்தில் இருந்து இங்கே வந்து, அடுத்தவர்களின் காணியில் களை பிடுங்கி, கச்சான் பிடுங்கித்தான் அவனைப் படிப்பித்தார். வளர்ப்பு சரியில்லை என்று அவரைப் பார்த்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

[6:34] பெரியம்மா: ஓம் பிள்ளை. நானும் செத்தவீட்டில் அஞ்சு நிமிசம்தான் நின்றனான். என்ன கதைக்கிறது என்று தெரியவில்லை.

[6:47] நர்ஸ் தங்கச்சி: நான் யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அக்கா வாசித்தாலும் வாசிக்கட்டும், ஏனென்றால் அன்றைக்கு விடிய அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "குறட்டை விட்டான், நல்ல நித்திரை என்றுதானே நான் எழுப்பாமல் விட்டேன்." அக்கா, அது குறட்டை மாதிரித்தான் கேட்கும். ஹெரோயின் அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகிக்கொண்டே போகும், தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வரும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். யாராவது சொல்லித்தந்தால் ஒழிய வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. உங்களில் பிழை இல்லை.

மற்றவர்களும் கேளுங்கோ. அவன் ஐந்து மாதம் போதை மறுவாழ்வு நிலையத்தில் இருந்து, ஒன்றும் தொடாமல்தான் திரும்பி வந்தான். அந்த இடைவெளியில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். பிறகு ஒரு நாள் மனம் தளர்ந்து முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் உயிரே போய்விடலாம். திரும்பி வந்த முதல் கிழமைகள்தான் மிகவும் ஆபத்தானவை, நாங்களோ பெடியன் திருந்திவிட்டான் என்று அவனைத் தனியே விட்டுவிட்டோம். வேலைக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை.

[6:55] முன்வீட்டுத் தம்பி: அக்கா நான் அன்றைக்கு இரவு அவனோடு பாலத்தடியில் நின்றனான். அவன் சரிந்து சரிந்து விழுந்தான். பொலிஸ் வரும் என்று பயத்தில் வீட்டு வாசலில் இருத்திவிட்டு வந்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எட்டு நாளாக நித்திரை இல்லை.

[6:56] பெரியம்மா: ஐயோ என்ர பிள்ளை

[6:58] நர்ஸ் தங்கச்சி: தம்பி, சொன்னது நல்லது. தனியே இருக்காதே, நான் டியூட்டி முடிந்து நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். நித்திரை வராமல் மனம் அலைந்தால் 1926க்கு எடு, மனநல உதவி நம்பர், இரவிலும் ஆள் இருக்கும், தமிழிலும் கதைக்கலாம். இனி யாருக்கு இப்படி நடந்தாலும் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, காசு இல்லை. வரும்வரை ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கோ, வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது. என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொன்னால் ஆஸ்பத்திரியில் நலோக்சோன் ஊசி போட்டு மூச்சைத் திருப்பி எடுக்கலாம்.

[7:10] ஓட்டோ அண்ணை: தங்கச்சி, குறூப்பிலேயே கேட்கிறேன், மறைத்து என்ன. என்னுடைய மூத்தவன் இரண்டு மூன்று நாள் நித்திரையே கொள்கிறான் இல்லை, பிறகு ஒரு நாள் முழுக்கக் கிடக்கிறான். மெலிந்துவிட்டான். சும்மா சும்மா சந்தேகப்படுகிறான். முதலில் மாவாதான் போட்டான், அந்தப் புகையிலை, பாக்குக் கலவை, நானும் பெரிதாக எடுக்கவில்லை. போன கிழமை அடித்தும் பார்த்துவிட்டேன்.

[7:16] நர்ஸ் தங்கச்சி: அண்ணை, நீங்கள் சொல்வது ஐஸ் (மெத்தாம்பெற்றமின்) போதை மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் டொக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அடிக்கவும் வேண்டாம், அறையில் பூட்டவும் வேண்டாம். வியாழன் காலை மனநலப் பிரிவுக்குக் கூட்டி வாங்கோ, நான் வாசலில் நிற்பேன். அதற்கு முதல் 1927க்கு எடுத்துக் கதையுங்கோ, போதைப்பொருள் ஆலோசனைக்கென்றே உள்ள நம்பர். ஐஸ் 5 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரைக்கும் போகும் என்று 2022இல் சட்டம் திருத்தினார்கள். விற்கிறவன் உங்கள் மகனின் கையில் பொதியைக் கொடுத்து அனுப்பத் தொடங்கினால் அவனை மீட்கவே முடியாது. அதுதான் அவசரம்.

[7:21] சந்திக்கடை அண்ணை: நானும் ஒன்று சொல்கிறேன். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட் விற்கக்கூடாது என்று 2006 இல் இருந்தே சட்டம் இருக்கிறது, நான் ஒரு நாளும் வயது கேட்டதில்லை. நாளையில் இருந்து கேட்பேன்.

[7:24] மில் மாமா: நான் எழுதினது பிழை. நாளைக்கு நானே வந்து கதிரை அடுக்குகிறேன்.

[7:52] அக்கா: எல்லாம் வாசித்தேன். வாங்கோ எல்லாரும். வந்து அவனைப் பற்றிக் கதையுங்கோ, எட்டு நாளாக என் முன்னால் ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. முன்வீட்டுத் தம்பி, நீயும் வா, ஒளிக்காதே. கழக மைதானத்தில் அவன் பந்து போட்ட வீடியோ யாரிடமாவது இருக்கிறதா? என் போனில் ஒன்றும் இல்லை.

[7:58] முன்வீட்டுத் தம்பி: (வீடியோ, 17 செக்கன்)

[8:03] அக்கா: சிரிக்கிறான்

[8:20] ரீச்சர்: அக்காவின் வயலுக்கு இன்றைக்குத் தண்ணீர் முறை. யாராவது போனீர்களா? விட்டால் இனி அடுத்த கிழமைதான்.

[9:41] முன்வீட்டுத் தம்பி: மூன்று பேர் வந்திருக்கிறோம் ரீச்சர். ஓட்டோ அண்ணையின் மகனும் நிற்கிறான். வாய்க்கால் வெட்டியாயிற்று, இரண்டு வரம்பு நிரம்பிவிட்டது, மற்றது நிரம்ப ஒரு மணியாகும். இருந்து பார்த்துவிட்டு வருகிறோம்.