எக்ஸ்-பிளேன் 12 ஹீத்ரோவில் இறங்கும்போது உறைந்து மூடிக்கொள்கிறது: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 கணினியில் எக்ஸ்-பிளேன் 12 என்ற பறப்பு சிமுலேட்டரைப் பயன்படுத்துகிறேன். 8 கோர் ரைசன் பிராசஸர், 32 ஜிபி ரேம், 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் பறக்கும்போது ஆங்கிலக் கால்வாய் வரை எந்தத் தொல்லையும் இல்லை. அதைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் படம் சில விநாடிகள் நின்று நின்று தொடர்கிறது. விமான நிலையத்தை நெருங்கும்போது ஒரேயடியாக உறைந்து, ஒலி மட்டும் சற்று நேரம் ஓடி, எந்தச் செய்தியும் காட்டாமல் சிமுலேட்டர் மூடிக்கொள்கிறது. தெற்கு இங்கிலாந்துக்கு மட்டும் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவி கொண்டு, வான்வழிப் படங்களிலிருந்து ஜூம் 17 என்ற நுணுக்க அளவில் சீனரி (நிலக்காட்சி) உருவாக்கியிருக்கிறேன். சில பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) உண்டு. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தும் பயனில்லை. முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொல்கிறார்கள். அதற்கு முன் காரணத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

மீண்டும் நிறுவ வேண்டாம். அதனால் சரியானாலும் எது பழுது என்பது தெரியாமலே போய்விடும். அதே சீனரியையும் பிளகின்களையும் திரும்பப் போட்டதும் அது மறுபடி வந்து நிற்கும்.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி நிகழ்வுகள் என்று கருதுகிறேன். விட்டுவிட்டு நிற்பதை முதலில் பார்ப்போம். எக்ஸ்-பிளேன் பூமியை ஒரு பாகை அகலாங்கு, ஒரு பாகை நெட்டாங்கு கொண்ட கட்டங்களாகப் பிரித்து, நீங்கள் நகர நகரப் புதிய கட்டங்களை ஏற்றுகிறது. ஹீத்ரோ இருக்கும் கட்டத்தின் பெயர் +51-001. அந்த அகலாங்கில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 70 கிலோமீட்டர் என்பதால், ஜெட் விமானம் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டத்தைக் கடந்துவிடும். ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் உங்களிடம் இருப்பது சிமுலேட்டருடன் வந்த இலகுவான சீனரி. கால்வாய்க்கு அப்பால் இருப்பதோ ஆர்த்தோ, அதாவது வான்வழிப் படங்களால் ஆன சீனரி. அதிலுள்ள 4096க்கு 4096 அளவுப் படம் ஒவ்வொன்றும், சுருக்கப்பட்ட நிலையிலும் தொலைவில் காட்டுவதற்கான சிறுபடிகளைச் சேர்த்தால் சுமார் 11 எம்பி பிடிக்கும். ஜூம் 16ஐ 17 ஆக்கினால் அதே பரப்புக்கு நான்கு மடங்கு படங்கள் வேண்டும். ஆகவே தொல்லை அங்கே தொடங்குவதில் வியப்பில்லை.

மூடிக்கொள்வதற்கு எக்ஸ்-பிளேன் கோப்புறையிலுள்ள லாக் கோப்பைப் (நடந்தவற்றைச் சிமுலேட்டர் எழுதி வைக்கும் கோப்பு) பாருங்கள். அடுத்த முறை இயக்கும்போது அது புதிதாக எழுதப்பட்டுவிடும் என்பதால், மூடிக்கொண்ட உடனேயே ஒரு படி எடுத்து வைப்பது மிக முக்கியம். செயலி முறிந்தது என்று கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா, அதில் ஏதேனும் பிளகின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பெயர் வந்தாலும் அதையே குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம். முறிந்த அந்த நொடியில் அந்தப் பிளகின் இயங்கிக்கொண்டிருந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. நினைவகம் தீர்ந்த பிறகு யார் அடுத்ததாக இடம் கேட்டாலும் அவர் பெயர்தான் அங்கே விழும்.

அதே நேரத்துக்கு உரிய பதிவுகளை விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் தேடுங்கள். எண் 1000 என்றால் செயலி முறிந்திருக்கிறது. 1002 என்றால் பதிலளிக்காமல் நின்றிருக்கிறது. நான் இங்கே முக்கியமாக எதிர்பார்ப்பது சிஸ்டம் பிரிவில் வரும் 2004. அது மெய்நிகர் நினைவகம் தீரும் நிலையில் பதிவாவது. அதிகம் எடுத்துக்கொண்ட செயலிகளின் பெயர்களும் அதிலேயே இருக்கும்.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறியவற்றுடன் உடன்படுகிறேன். ஆயினும் கிராபிக்ஸ் பக்கத்தையும் விலக்கிவிட்டு மேலே செல்வது நல்லது. கிராபிக்ஸ் கார்டு இயல்பு அமைப்பின்படி இரண்டு விநாடிகளுக்குள் பதில் தரவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்துவிடும். அப்போது ஈவென்ட் வியூவரில் 4101 என்ற பதிவைக் காணலாம், லாக் கோப்பிலும் வல்கன் (கிராபிக்ஸ் கார்டுடன் பேச எக்ஸ்-பிளேன் பயன்படுத்தும் இடைமுகம்) சாதனம் இழக்கப்பட்டதாக எழுதப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் ஓவர்கிளாக்கை (இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பை) முழுவதும் நீக்கிவிட்டுச் சோதியுங்கள். எங்கும் எந்தத் தடயமும் இல்லாவிட்டால் மட்டும் பிளகின்களில் பாதியை வேறு கோப்புறைக்கு மாற்றி, அதே விமானம், அதே பாதை, அதே வானிலையில் பறந்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது தீர்வு என்று சொல்ல இயலாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 4101 எங்கும் இல்லை. லாக் கோப்பின் முடிவில் முறிந்தது என்ற வரி இருக்கிறது. பிளகின் பெயர் எதுவும் இல்லை. அதற்குச் சற்று மேலே +51-001 கட்டத்தை ஏற்றிய குறிப்பு. ஈவென்ட் வியூவரில் அதே நிமிடத்தில் 2004 பதிவாகியுள்ளது, முதல் பெயர் எக்ஸ்-பிளேன். குழப்பம் என்னவென்றால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பறந்தபோது ரேமில் 5 ஜிபிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கீழே கமிட்டட் என்ற இடத்தில் 33.6/33.9 என்று காட்டியது.

மறுமொழி 1

அந்த 33.9தான் விடை. ரேமும், அதற்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்படும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தமே கமிட் எல்லை, அதாவது செயலிகளுக்கு விண்டோஸ் ஒப்புக்கொள்ளக்கூடிய நினைவகத்தின் உச்சம். உங்கள் பேஜ் ஃபைல் 2 ஜிபி என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. ஒரு செயலி நினைவகம் கேட்கும்போது, அதை இன்னும் பயன்படுத்தாவிட்டாலும், விண்டோஸ் அந்த அளவைக் கமிட் கணக்கில் ஏற்றிவிடும். எனவே ரேம் காலியாக இருந்தும் புதிய கோரிக்கை மறுக்கப்படலாம். பேஜ் ஃபைல் இருந்தால் வேகம் குறையும் என்ற எண்ணம் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது. பறப்பு சிமுலேட்டர்களில் அதைச் சுருக்குவது இப்படித்தான் முடிகிறது. அதைச் சிஸ்டமே நிர்வகிக்கும்படி மாற்றி, போதிய இடமுள்ள எஸ்எஸ்டி டிரைவில் வையுங்கள். வேறு எதையும் இப்போது தொட வேண்டாம்.

கேட்டவர்

மாற்றிவிட்டு அதே பாதையில் பறந்தேன். ஹீத்ரோவில் இறங்கி நிறுத்துமிடம் வரை சென்றாயிற்று. கமிட் 41 ஜிபி வரை ஏறியது; 2004 பதிவாகவில்லை. ஆனால் கட்டம் மாறும்போது சில விநாடி நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 1

மிக்க மகிழ்ச்சி. மிச்சமிருப்பது ஏற்றும் சுமை. அதைக் குறைக்க ஆர்த்தோவைத்தான் குறைக்க வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பரப்புக்கு மட்டும் ஜூம் 17ஐ வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை 16இல் மீண்டும் உருவாக்குங்கள். பறக்கும் உயரத்திலிருந்து பார்க்கும்போது வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சீனரி சுழலும் வட்டில் இருந்தால் அதையும் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யாமல், முதலில் +51-001 கட்டத்தை மட்டும் மாற்றிப் பார்த்து, லாக் கோப்பில் அந்தக் கட்டத்துக்கு எழுதப்படும் ஏற்றும் நேரம் முன்பைவிட எவ்வளவு குறைந்தது என்பதை இங்கே தெரிவியுங்கள்.