செயலியின் எல்லைக்கு ஒரு சொல்: கிதார் எஃபெக்ட்ஸ் கையேடு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிதாரின் ஒலியை மாற்றித் தரும், காலால் மிதித்து இயக்கும் சிறிய டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரே சிக்கலைப் பேசுகிறது. ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றையும் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றையும் போல ஒலிக்கச் செய்பவற்றை வைத்து, டிலேயை (தாமதித்துத் திரும்பும் எதிரொலி) சேர்த்து, அதன்மேல் ரிவெர்பையும் (அறையின் முழக்கம்) சேர்க்கப் போனால், உள்ளிருக்கும் செயலியால் அத்தனையையும் கணக்கிட முடியாமல் எஃபெக்டுகளின் பட்டியலில் பல பெயர்கள் தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கிவிடுகின்றன. இந்த எல்லைக்கு ‘செயலாக்க வரம்பு’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். ‘செயலாக்க வரம்பு 30 விழுக்காடு மீதமுள்ளது’ என்ற வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. வரம்பு எப்படி மீதமிருக்கும்? எல்லை, அதில் நிரம்பியது, மிஞ்சியது ஆகிய மூன்றுக்கும் பொருந்தி வரக்கூடிய சொல் வேண்டும். கருவியின் திரையில் 12 எழுத்துக்கு மேல் கொள்ளாது.

*

வணக்கம்.

நீங்கள் கேட்பதை வள்ளுவர் வலியறிதலில் சொல்லிவிட்டார். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற 475ஆம் குறளை எண்ணிப் பாருங்கள். மயிலிறகு எடையற்றது, ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிகிறது. ஒவ்வோர் எஃபெக்டும் ஒரு பீலி, செயலி அந்த அச்சு. ஆகவே தாங்குதலைக் குறிக்கும் வேரிலிருந்தே சொல்லை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிறு என்பதிலிருந்து நிறை வந்ததைப் போலப் பொறு என்பதிலிருந்து பொறை வந்தது. இன்று நாம் அதைப் பொறுமை என்ற பொருளில் மட்டுமே ஆள்கிறோம்; ஆனால் ‘சிவிகை பொறுத்தானோடு’ என்னும்போது பொறுத்தல் தோளால் சுமத்தலே. பொறுப்பு என்ற சொல்லிலும் அந்தச் சுமத்தல் இன்னும் உயிரோடிருக்கிறது. எனவே ‘கணிபொறை’ என்று முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘கணிப்புப்பொறை’ என்று யாரும் திருத்த வேண்டாம்.

*

ஐயா, குறள் அழகாகப் பொருந்துகிறது. ஆயினும் கிதாருக்கும் நிரல் எழுதுவதற்கும் பல ஆண்டுகளைச் செலவிட்டவன் என்ற முறையில் ஒரு மறுப்பு உண்டு. செயலிக்குள் எடை என்று எதுவும் இல்லை. இருப்பது நேரம் மட்டுமே. வினாடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து பதிந்த எண்கள், என்ற வீதத்தில் ஒலி வருகிறது. 64 மாதிரிகளை ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டால், அடுத்த தொகுதி வருவதற்கு ஏறத்தாழ 1.33 மில்லிவினாடியே இருக்கிறது. சங்கிலியில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய வரிசையில், உள்ள அத்தனை எஃபெக்டுகளையும் அதற்குள் கணக்கிட்டு முடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஒலி வெட்டுப்பட்டு நொறுங்கும். அது நேராமலிருக்கத்தான் கருவி முன்கூட்டியே பெயர்களை மங்கச் செய்கிறது. ஆக, இது பாரம் அன்று, கெடு.

கையேடு சொல்லும் மாற்றுவழிகள் எல்லாமே இந்த நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழிகள்தான். ஐஆர் எனப்படும், ஸ்பீக்கர் பெட்டி ஒலிக்கும் விதத்தைப் பிடித்துவைத்த கேபினட் பதிவை 2048 மாதிரி நீளத்திலிருந்து 1024 ஆகக் குறைத்தால், சுமார் 43 மில்லிவினாடிப் பதிவு 21 ஆகிறது. மாதிரிக்கு ஒரு பெருக்கல் என்று நேரடியாகக் கணக்கிடும் முறையில் வேலை பாதியாகிவிடும், இழப்போ பெரும்பாலும் அடித்தொனியின் நுணுக்கத்தில்தான் தெரியும். ஸ்டீரியோ ரிவெர்பை மோனோவாக்கலாம். சுருதி மாற்றும் எஃபெக்டைக் கழற்றிவிட்டு அந்த வேலைக்குத் தனிப் பெடல் ஒன்றை முன்னால் வைக்கலாம். டிலேயைக் கழற்றுவதால் அவ்வளவு பயன் இல்லை. ஒரு வினாடி டிலேக்கு 48,000 மாதிரிகளை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் கணக்கு மிகச் சிறிது.

ஓர் எஃபெக்டைக் காலால் அணைத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று புதிதாக வாங்குபவர்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான கருவிகளில் அது நடப்பதில்லை. மறுபடி மிதித்தவுடன் இடைவெளியின்றி ஒலிக்க வேண்டுமென்பதால் அதற்குரிய பங்கைக் கருவி ஒதுக்கியே வைத்திருக்கும். பொறை என்றாலும் சுமை என்றாலும், ‘இறக்கிவைத்தேனே, ஏன் குறையவில்லை’ என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்பிவிடும்.

எஃபெக்டுகளின் எண்ணிக்கையும் வேறு, செயலியின் இந்த எல்லையும் வேறு. லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற இதே வகைக் கருவி 2018இல் வந்தபோது 6 எஃபெக்டுகளை அடுக்க இடம் தந்தது. பின்னர் மென்பொருள் மேம்பாட்டின் வழியாக அது 8 ஆனது. செயலி மாறவில்லை. ஆகையால் ‘இடம்’ என்ற சொல்லும் குழப்பும்.

*

அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: ‘கணிபொறை’ என்று அச்சிட்டால் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் ‘கணிபொறி’ என்பதன் அச்சுப்பிழை என்றே கொள்வார்கள். ஓரெழுத்து வேறுபாட்டில் கணினிக்கும் அதன் தாங்குதிறனுக்கும் பெயர் வைப்பது மாணவர்க்குச் செய்யும் தீங்கு. இன்னொன்றும் உண்டு. ‘உண்மை நிலக்குப் பொறை’ என்று வள்ளுவரே எழுதுகையில் பொறை தாங்குபவரைக் குறிக்கவில்லை, தாங்கப்படும் பாரத்தைக் குறிக்கிறது. ஏற்றியதற்கும் ஏற்பதற்கும் ஒரே சொல் என்றால், ‘பொறை மிகுந்தது’ என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா?

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்த இடத்தில் நமக்குப் பெயர்ச்சொல் எதற்கு? ‘திறன் போதவில்லை’ என்று வினையால் சொன்னால் யாருக்கும் விளங்கும். போதும், போதாது, மிஞ்சும் என்று அளவைச் சொல்ல நம்மிடம் உயிருள்ள வினைகள் இருக்கின்றன.

*

அம்மா, குறள் 572ஐ நீங்கள் எடுத்துக்காட்டியது சரி, ஏற்கிறேன். ஆனால் ஒரே சொல் பாரத்தையும் பொறுமையையும் குறிப்பது மொழியின் குறையன்று, பயில்வார் பழகிக்கொள்ள வேண்டிய வளம். விளங்குமா விளங்காதா என்பதை மட்டுமே அளவாகக் கொண்டிருந்தால், ‘மென்பொருள்’ என்ற சொல் முதல் நாளிலேயே கைவிடப்பட்டிருக்கும். கணிபொறி என்ற சொல்லோ இன்று ‘கணினி’க்கு வழிவிட்டு ஒதுங்கி வருகிறது; ஒதுங்கும் சொல்லுக்கு அஞ்சி, வரும் சொல்லைத் தடுக்கலாகாது. வினையால் சொல்லலாம் என்பதையும் மறுக்கவில்லை. அகராதியில் அந்த வினையை எந்தத் தலைப்பின்கீழ்த் தேடுவது?

*

அன்பர்களே,

நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் ‘சுமை’ என்பதையே பொறுத்துக்கொள்ளக் கூடியதாகக் கருதுகிறார்கள். விரும்பித் தேர்ந்தவர் என்று ஒருவரையும் சொல்ல முடியவில்லை. அட்டவணைத் தலைப்பில் ‘செயலாக்கச் சுமை’ என்றும், மீதமிருப்பதற்கு ‘மிச்சத் திறன்’ என்றும், திரையில் ‘திறன் போதாது’ என்றும் எழுதுகிறேன். வினையைத் தந்த ஆசிரியைக்கு நன்றி. ‘எஃபெக்டை அணைத்தால் சுமை குறையாது, சங்கிலியிலிருந்து நீக்கினால்தான் குறையும்’ என்ற வரியை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். கணிபொறையைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகப் பதிந்திருக்கிறேன்.

*

நண்பரே, அனுப்புவதற்கு முன் ஒரு சொல். கருவியை ஆம்ப்புடன் இணைப்பதைப் பற்றிய பகுதி எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அங்கே ஸ்பீக்கரின் 8 ஓம், 16 ஓம் அளவுகளைப் பற்றிப் பேச்சு வரும். மின்னியலில் அதற்கு நாம் நெடுங்காலமாக எழுதி வரும் சொல் ‘சுமை’தான். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?