கல்லடி வீட்டுக் குழு: மாமாவின் பென்ஸுக்குப் புதுச் சொக்

பெரிய மாமா, காலை 6:42
பிள்ளைகள், ஒரு ஆலோசனை வேண்டும். நேற்று ஏறாவூர் போய் வந்தேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் டக் டக் என்று சத்தம். பிரேக் பிடித்தால் மூக்கு இரண்டு மூன்று தரம் ஆடித்தான் நிற்கிறது. கூரையைத் திறந்து ஓடினால் முன் கண்ணாடிச் சட்டமே நடுங்குகிறது. சொக் (குலுக்கத்தை அடக்கும் ஷொக் அப்சோர்பர்) நான்கையும் மாற்றினால் சரி என்று கராஜில் சொல்கிறார்கள்.

மாமி, காலை 6:50
ஆடி அமாவாசைக்கு முன் முடியுமா? மாமாங்கத் தீர்த்தத்துக்கு அந்தக் காரில்தான் போக ஆசை. இப்படியே போனால் என் இடுப்பு தாங்காது.

பிரபா (டொரண்டோ), காலை 6:58
அப்பா, பில்ஸ்டைன் சொக் இங்கே கிடைக்கிறது. பி4, பி6 என்று இரண்டு வகை. எதை வாங்க?

குகன், காலை 7:15
மச்சான், பொறு, இன்னும் வாங்காதே. மாமா, டாஷ்போர்டில் ஏடிஎஸ் என்று சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் உள்ளே ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் வேறு அமைப்பு. அதற்குச் சாதாரண சொக் பொருந்தாது.

பெரிய மாமா, காலை 7:21
அப்படி ஒன்றும் இல்லை மருமகன். படம் அனுப்பியிருக்கிறேன், பார்.

குகன், காலை 7:40
நல்லது, அப்படியென்றால் வெறும் ஸ்பிரிங்கும் காஸ் சொக்கும்தான். மச்சான், பி4 வாங்கு. பி6 இறுக்கமானது, மாமியின் இடுப்புக்கும் நம் ஊர் ரோட்டுக்கும் ஆகாது.
ஆனால் சொக் மட்டும் மாற்றினால் அந்தச் சத்தம் போகாது. மாமாவின் எஸ்எல் 320, 1995 ஆம் ஆண்டுக் கார். ரப்பருக்கு ஓடிய தூரம் மட்டும் கணக்கில்லை, வயதும்தான். சும்மா நின்றாலும் காய்ந்து வெடிக்கும். சொக்கின் தலை ரப்பர், கீழ் ஆர்மின் (சில்லைப் பொடியோடு இணைக்கும் இரும்புக் கை) புஸ் என்கிற ரப்பர் உறை, அதன் நுனியில் உருண்டு திரும்பும் போல் ஜொயின்ட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் நடுங்குவதற்குக் காரணம், இறுக்கிப் பிடிக்க மேலே நிரந்தரக் கூரை இல்லை. சொக் களைத்தால் பள்ளத்தின் அடி முழுவதும் காரின் உடம்புக்குள்தான் (பொடி) போகும்.

பிரபா, காலை 7:44
ரப்பர் சாமானைக் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் எடுக்கலாமா?

குகன், காலை 7:52
கழற்றிய பழைய ரப்பர் வேண்டாம். அதற்கும் 25 வயதுக்கு மேல் இருக்கும். புதிது மட்டும். டபிள்யூ124 என்கிற பழைய பென்ஸ் மொடலின் சாமான் எல்லாம் இதற்குப் பொருந்தும் என்று கடையில் சொல்வார்கள். அமைப்பு அந்த வழியில் வந்ததுதான், ஆனால் சாமான் எல்லாம் ஒன்றில்லை. மாமா, சேசிஸ் நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

மாமி, காலை 8:03
கராஜில் இரண்டு மணி நேர வேலை என்றார்களே தம்பி?

குகன், காலை 8:20
மாமி, அதுதான் எனக்குப் பயம். இந்தக் காரில் முன் ஸ்பிரிங் சொக்கைச் சுற்றி இல்லை, தனியாகக் கீழ் ஆர்மின்மேல் அமுங்கி இருக்கிறது. ஆர்ம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதே சொக்தான். ஆர்முக்கு ஜக் கொடுக்காமல் சொக்கைக் கழற்றினால் ஸ்பிரிங் வெளியே பாயும். கட்டாரில் ஒரு தடவை கண்ணால் பார்த்தேன், சுவரில் போய் அடித்தது. ஆள் நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். ஸ்பிரிங்கை எடுப்பதென்றால் உள்ளே தட்டு வைத்து அமுக்கும் கருவி வேண்டும். வெளியே மாட்டும் கொக்கி சரிவராது.
இன்னொன்று. 2019 இல் என் காருக்குப் புதுப் புஸ் போட்டார்கள். கார் ஜக்கில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்றது. ஆறு மாதத்தில் கிழிந்தது, காசு முழுக்க வீண். சில்லு தரையில் இருந்து பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அப்புறம் சில்லுகளை நேராக்கும் எலைன்மென்ட். மாமாவின் காருக்கும் அப்படி நடக்க விடமாட்டேன்.

பெரிய மாமா, காலை 8:26
அப்போ நீயே வந்து நின்று செய்வாயா?

குகன், காலை 8:31
கட்டாயம். சாமான் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையிலேயே வருகிறேன். தூக்குவதற்கு முன் கூரையை மூடிவிட வேண்டும். ஜக்கில் நிற்கும்போது பொடி சற்று வளையும், அப்போது கூரையை இயக்கவே கூடாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கும் கார், பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.
இப்போது ஒரு உதவி. முன் ஸ்பிரிங்கின் மேலே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதில் சின்னக் குமிழ்கள். டார்ச் அடித்து எண்ணிச் சொல்லுங்கள். காரின் உயரம் அதில்தான்.

பெரிய மாமா, காலை 9:10
இடது பக்கம் 2, வலது பக்கம் 3. பிழையாகப் போட்டிருக்கிறார்களா?

குகன், காலை 9:13
இல்லை மாமா, இரண்டு பக்கமும் வேறுபடலாம். ஒரு குமிழ் கூடினால் வளையம் 5 மில்லிமீட்டர் தடிப்பு கூடும், கார் நேராக நிற்க அப்படிப் போடுவார்கள். கடதாசியில் எழுதிக் கார் கதவுப் பையில் வையுங்கள். நான் வரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.

மாமி, காலை 9:15
சனிக்கிழமை பகல் சாப்பாடு இங்கேதான். அம்மாவையும் கூட்டி வா.