மெட்டில்டாவுக்கு முடிசூட்டினார்களா இல்லையா?

பழையகாசு: பிள்ளைப் பெயர்ப் பட்டியல் ஒன்று சுற்றி வருகிறது. அதில் ‘மெட்டில்டா: இங்கிலாந்தை ஆண்ட முதல் ராணி’ என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் எரிச்சலாகிவிட்டது. இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றியின் மகளான இந்த மெட்டில்டாவுக்கு இங்கிலாந்தில் முடிசூட்டவே இல்லை. 1141 ஜூனில் சாப்பிட உட்காரப்போன நேரத்தில் லண்டன்காரர்கள் திரண்டு வந்து விரட்டிவிட்டார்கள். இலையைக்கூடத் தொடாமல் ஓடினாள்.

மணப்பாட்டான்: அந்தப் பட்டியலை இங்கே போட்டவனே நான்தான். மெட்டில்டா என் பாட்டி பெயர். 1127-இல் பிரபுக்கள் எல்லாரும் அவளே வாரிசு என்று சத்தியம் செய்தார்கள். அதை மீறி மகுடத்தைத் தட்டிப் பறித்த அத்தை மகன் ஸ்டீபன் ராஜா, இவள் ராணி இல்லையா? அவள் முத்திரையில் ‘ரெஜினா’ என்றே இருக்கிறது. ரெஜினா என்றால் ராணி.

பழையகாசு: முத்திரையை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள். ‘ரோமானோரும் ரெஜினா’, அதாவது ரோமர்களின் ராணி. 1110-இல், எட்டு வயதில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் சூட்டிய மகுடம் அது. இங்கிலாந்தில் அவளுக்குக் கிடைத்தது ‘ஆங்கிலேயரின் தலைவி’ என்ற பட்டம்தான்.

மணப்பாட்டான்: ரெஜினா என்று இருக்கிறதா இல்லையா?

லில்லி அக்கா: எந்த மெட்டில்டாவுக்காக இந்தச் சண்டை? இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியமின் மனைவி மெட்டில்டாவுக்கு 1068-இல் முடிசூட்டினார்கள். முதலாம் ஹென்றியின் மனைவியும் மெட்டில்டா, ஞானஸ்நானப் பெயர் ஈடித். ஸ்டீபன் மனைவியும் மெட்டில்டாதான். புருஷன் சிறைப்பட்டதும் படை திரட்டியவர். பழைய ஜெர்மானிய மொழியில் ‘வலிமை’, ‘போர்’ இரண்டும் சேர்ந்த பெயர், பொருத்தம்தான். அப்புறம் தம்பிகளா, அரச குடும்பத்துப் பெண்ணை என்ன ‘அவள்’, ‘இவள்’? அலெக்சாண்டர் திரியில் எல்லாரும் ‘அவர்’ என்றுதானே எழுதினீர்கள்?

பழையகாசு: அக்கா, சரித்திரத்தில் மரியாதை விகுதி பார்க்க முடியாது.

லில்லி அக்கா: ஆணுக்கு மட்டும் பார்க்க முடிகிறதே!

வடகரை வேலு: பழையகாசு அண்ணனுக்கு எப்போதும் தான் சொன்னதுதான் சரி. எலினோர் திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதோ?

பழையகாசு: எலினோர் திரியில் நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். இங்கே விஷயம் மகுடம். பிரிஸ்டலிலும் கார்டிஃபிலும் மெட்டில்டா பெயரில் அடித்த காசுகளில் ஜெர்மனியின் பேரரசன் ஐந்தாம் ஹென்றியை மணந்ததால் வந்த ‘பேரரசி’ என்ற பட்டத்தின் சுருக்கம்தான் இருக்கிறது.

வடகரை வேலு: அந்தப் பேரரசிப் பட்டமே இடிக்கிறது. முறையான போப் யாரும் அவருக்கு முடிசூட்டவில்லை.

மணப்பாட்டான்: 1142 டிசம்பர். ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையைச் சுற்றி ஸ்டீபன் படை. வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, நாலைந்து பேராக, உறைந்த தேம்ஸ் ஆற்றின் மேல் பனியோடு பனியாக நடந்தே தப்பினாள். அவளுக்கு உங்களிடம் ராணிச் சான்றிதழ் வேண்டுமா?

பழையகாசு: நடந்தாள், யார் மறுத்தது? மகுடம் எங்கே? 1154-இல் அரசனான மகன் இரண்டாம் ஹென்றியையே ‘பேரரசியின் மகன்’ என்றுதான் அழைத்தார்கள், ‘ராணியின் மகன்’ என்றல்ல.

மணப்பாட்டான்: முத்திரையில் ரெஜினா.

பழையகாசு: ரோமர்களின் ரெஜினா.

மணப்பாட்டான்: ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஞானஸ்நானம். பெயர் மெட்டில்டா. அழைப்பிதழில் ‘ராணியின் பெயர் தாங்கி’ என்று அச்சாகிவிட்டது.

பழையகாசு: எந்த நாட்டு ராணி என்றும் போட்டிருக்கிறீர்களா?