மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி பக்கம் ஜியோபிசிக்கல் சர்வே: தரை ஏமாற்றும் இடங்கள்

உப்புத்தரை:
(களத்தில் வேலை செய்யும் ஐந்து பேர் புனைபெயரில் பேசிக்கொள்வது இது.) மண்டபத்துக்குக் கிழக்கே ரோட்டுக்கோ பாலத்துக்கோ, அதிர்வும் மின்சாரமும் வைத்துத் தரைக்கடியைப் பார்க்கும் சர்வே எடுக்கும்போது முதல் சந்தேகம் மேல் பாறை மீதுதான் வர வேண்டும். பவளச் சுண்ணாம்புப் பாறையோ, மணல் இறுகிய கடற்கரைப் பாறையோ ஒன்றிரண்டு மீட்டருக்கு ஓடு மாதிரி கிடக்கும். அடியில் பொலபொலவென்று மணல் இருக்கலாம். எஸ்பிடியில் (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் கெட்டியைப் பார்க்கும் சோதனை) அடி எண்ணிக்கை 50ஐத் தாண்டியதும் 'ரெஃப்யூசல்', அதாவது இனி இறங்காது, என்று எழுதிவிட்டுத் துளையிடும் ரிக்கைக் கழற்றினால், பாலத்தைத் தாங்கும் பைல் தூணின் நுனி அந்த ஓட்டின் மேல்தான் போய் உட்காரும்.

செய்ஸ்மிக் ரிஃப்ராக்‌ஷனும் இதைக் காட்டிக்கொடுக்காது. தரையில் அடித்து, அடுக்குகளில் ஓடி மேலே வரும் அதிர்வலையின் நேரத்தை அளக்கும் முறை அது. கீழே போகப் போக அலைவேகம் கூடினால்தான் அந்த முறை வேலை செய்யும். ஓட்டில் விநாடிக்கு 2,500 மீட்டர், அடியில் ஈர மணலில் 1,600 என்றால், மணலில் இறங்கிய அலை மேலும் கீழ்நோக்கி வளையுமே தவிர அடுக்கோரமாக ஓடி மேலே வராது. பதிவில் அந்த மணலே இருக்காது. அதற்கும் கீழே பாறை இருந்தால், உள்ளதைவிட ஆழத்தில் இருப்பதாகக் கணக்கு வரும்.

அடுத்த பொறி விநாடிக்கு 1,500 மீட்டர் என்கிற வேகம். தண்ணீர் மட்டம் ஒன்றரை மீட்டரில் நிற்கிற கரையில் அதற்குக் கீழே எல்லாமே 1,500க்கு மேல்தான் காட்டும். அது தண்ணீரின் வேகம். N மதிப்பு (எஸ்பிடி அடி எண்ணிக்கை) 5 மட்டுமே உள்ள தளர்ந்த மணலும் அப்படித்தான் காட்டும். அதைக் 'கெட்டியான அடுக்கு' என்று வண்ணம் தீட்டிய ரிப்போர்ட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

எட்டுக்கிலோ சுத்தியல்:
உப்புத்தரை அண்ணே சொன்னது சரி. அதனால்தான் இந்தக் கரையில் எம்ஏஎஸ்டபிள்யூ (தரைமேல் ஓடும் அலையை வைத்து ஷியர் அலைவேகத்தைக் கணிக்கும் முறை) இல்லாமல் இறங்கக்கூடாது. ஷியர் அலையை (பக்கவாட்டில் அசைக்கும் அலை) தண்ணீர் தாங்காது, மண் சட்டகம்தான் தாங்கும். தளர்ந்த மணல் விநாடிக்கு 150, 180 மீட்டர் என்று தன் உண்மையைச் சொல்லிவிடும்.

தரை அதிர்வை வாங்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் 24, இடைவெளி 1 மீட்டர் வைத்தால் லைன் 23 மீட்டர், நம்பக்கூடிய ஆழம் அதில் பாதி. ரோட்டுக் கரைக்கு அது போதும். பாலத்துக்கு 2 மீட்டர் இடைவெளி வைத்து 46 மீட்டர் விரிக்கலாம், ஆனால் விரித்ததாலேயே ஆழம் வந்துவிடாது. 150 வேகத்தில் 5 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 மீட்டர். பாதி என்றால் 15 மீட்டர்தான். அதற்குக் கீழே பார்க்க கனமான எடையை மேலிருந்து விழவிடும் கருவி வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் போகிற லாரி அதிர்வைப் பதிவு செய்து சேர்க்க வேண்டும்.

மணலில் சுத்தியலால் அடிக்கும்போது, அடி வாங்கும் பிளேட் புதைந்து சாயும். முதல் மூன்று அடி வீண். மேல் காய்ந்த மணலை ஒரு சாண் வழித்துவிட்டு, ஈர மணலைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் பிளேட்டை வையுங்கள். ஒரு புள்ளிக்கு 8 முதல் 10 தடவை அடித்துப் பதிவுகளைச் சேர்த்தால் படம் தெளியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜியோபோனைக் கழுத்து வரை புதைத்து, விடியற்காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பகலில் காற்றுதான் பதிவாகும்.

போர்லாக்:
ஒரு எச்சரிக்கை. மேலே ஓடு, கீழே மணல் என்கிற இடத்தில் எம்ஏஎஸ்டபிள்யூவும் தடுமாறும். டிஸ்பெர்ஷன் படத்தில் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப அலைவேகம் மாறுவதைக் காட்டும் படம்) அலையின் அடிப்படை மோடு (அதிர்வு வடிவம்) மங்கி, உயர் மோடு பளிச்சென்று நிற்கும். பளிச்சென்று நிற்பதைப் பிடித்தால் மணலின் வேகம் கூடுதலாக வந்து, ஆபத்து மறைந்துவிடும். தொடக்க மாடலிலேயே நடுவில் வேகம் குறைய இடம் கொடுங்கள். பல மென்பொருள்கள் கீழே போகப் போகக் கூடும் என்றே ஆரம்பிக்கின்றன. பிறகு சந்தேகமுள்ள புள்ளியில் ஒரு போர் (மண்ணைப் பார்க்கும் துளை) போடுங்கள், ஓட்டைத் துளைத்து இன்னும் 5 மீட்டராவது. ஜியோபிசிக்ஸ் என்பது போர் துளைக்கு மாற்று இல்லை, அந்தத் துளையை எங்கே போடுவது என்று சொல்கிற ஆள்.

உப்பளம்:
ரெசிஸ்டிவிட்டி (தரையில் கரண்ட் விட்டு மின்தடையை அளக்கும் முறை) பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. தனுஷ்கோடி மணல் திட்டின் மேல் ஒரு சிக்கல், வாலிநோக்கம் உப்பளப் பக்கம் நேர் எதிர்ச் சிக்கல்.

திட்டின் மேல் காய்ந்த மணலில் கரண்ட் விடும் உலோக முளை நட்டால் தொடு மின்தடை பல கிலோ ஓம் ஏறி, கரண்ட் போகாது. ஈரம் தட்டுகிற வரை குழி தோண்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒரு முளைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு முளை நட்டு இணையுங்கள்.

உப்புத் தரையில் கரண்ட் தாராளமாகப் போகும், ஆனால் வோல்டேஜ் கிடைக்காது. வென்னர் முறையில் (நான்கு முளையைச் சம இடைவெளியில் நடுவது) இடைவெளி 20 மீட்டர், மண்ணின் ரெசிஸ்டிவிட்டி 1 ஓம்-மீட்டர் என்றால் மின்தடை 0.008 ஓம். 100 மில்லி ஆம்பியர் விட்டால் கிடைப்பது 0.8 மில்லிவோல்ட். பக்கத்து மின்கம்பியின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். கரண்டை 1 ஆம்பியருக்கு ஏற்றுங்கள், அதே புள்ளியை நான்கு தடவையாவது படியுங்கள். சிதறல் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரீடிங்கைத் தூக்கி எறியுங்கள். செய்முறைக்கு ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 15736 இருக்கிறது, ரிஃப்ராக்‌ஷனுக்கு ஐஎஸ் 15681.

ரோட்டோரம் போகிற குடிநீர் இரும்புக் குழாய், தண்டவாளம், 1964 புயலில் அழிந்த ரயில் பாதையின் மிச்ச இரும்பு எல்லாம் லைனைக் கெடுக்கும். இணையாகப் போகாமல் குறுக்கே வெட்டுகிற மாதிரி லைன் போட்டால் கேடு ஓரிரு புள்ளியோடு நிற்கும்.

தார்ரோடு:
கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜிபிஆர் (ரேடியோ அலையைத் தரைக்குள் விட்டுப் பார்க்கும் ரேடார்) ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தார் அடுக்குக்கும் அதன் கீழ் ஜல்லிக்கும் ஓட்டலாம். உப்பு ஈரம் தொட்டதும் சிக்னல் செத்துவிடும். எந்த ஆன்டெனாவை மாற்றினாலும் உப்பை வெல்ல முடியாது.

தார் கனத்துக்குக் கோர் (துளைத்தெடுக்கும் தார் உருளை) எடுக்காமல் கணக்குப் போடாதீர்கள். 120 மில்லிமீட்டர் தாருக்கு மின்காப்பு எண் (ரேடார் அலை எவ்வளவு மெதுவாகப் போகும் என்று முடிவு செய்யும் எண்) 6 என்றால் அலை போய் வர ஏறக்குறைய 2 நானோவிநாடி. அதே நேரத்தை வைத்து எண் 5 என்று ஊகித்தால் 131 மில்லிமீட்டர் என்று வரும். 11 மில்லிமீட்டர் தார், பில் போடுகிறவருக்குச் சின்ன விஷயமா?

எட்டுக்கிலோ சுத்தியல்:
மறந்துவிட்டேன். இந்தக் கரையில் முதலில் செத்துப்போவது சுத்தியல் அடித்த நொடியைக் கருவிக்குச் சொல்லும் ட்ரிகர் ஒயர், அடுத்தது கேபிள் கனெக்டர். ட்ரிகர் ஒயர் பிடியில் மடங்கும் இடத்தில் டேப் சுற்றி, மாற்று ஒன்று பெட்டியில் வையுங்கள். கனெக்டரைச் சாயங்காலமே நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, காய வைத்து, கான்டாக்ட் ஸ்ப்ரே அடித்து மூடுங்கள். உப்பு பூத்த கனெக்டர் கெட்டுப்போனதாகக் காட்டாது, தப்பான ரீடிங்கை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.