இலவச இதழ் சந்தா: செயலியை அழிச்சும் மாசாமாசம் காசு பிடிக்கறான்

மண்டபம்_வலை:
ஒரு வார இதழோட செயலியில ஒரு மாசம் இலவசம்னு போட்டிருந்தது. 1 ரூபாய் மட்டும் கட்டச் சொன்னான், யூபிஐ பின் போட்டாச்சு. மாசம் முடிஞ்சதும் 499 போயிருச்சு. செயலியை அழிச்சாச்சு, இந்த மாசம் திரும்பவும் 499. மீன்பிடித் தடைக்காலம் வேற. எப்படி நிறுத்தறது? போன பணம் வருமா? முன்கூட்டி எஸ்எம்எஸ் எதுவும் வரலை.

கீழக்கரை_காக்கா:
தம்பி, அந்த 1 ரூபாய்க்குப் பின் போட்டப்பவே ஆட்டோபே, அதாவது மாசாமாசம் தானாப் பணம் பிடிக்கற அனுமதியும் சேர்ந்து போயிருச்சு. செயலியை அழிச்சா அது ரத்தாகாது. 15,000 ரூபாய் வரைக்கும் அடுத்தடுத்த பிடித்தத்துக்குப் பின் நம்பரும் கேக்காது.

முதல்ல நிறுத்துங்க, பணத்தை அப்புறம் பாப்போம். பின் போட்ட அதே யூபிஐ செயலியில புரொஃபைல் படத்தைத் தொட்டா ஆட்டோபே இருக்கும். இதழ் பேருக்குப் பதிலா பில் போடற கம்பெனி பேரு இருக்கலாம், தொகையை வச்சுப் பிடிங்க. உள்ள ‘பாஸ்’ (Pause, தற்காலிகமா நிறுத்தறது), ‘கேன்சல்’னு ரெண்டு இருந்தா பாஸைத் தொடாதீங்க, கொஞ்ச நாள்ல தானா திரும்ப ஓடும். கேன்சல் கொடுத்து, ரத்தானதாக் காட்டற திரையையும் யூஎம்என் எண்ணையும் (அந்த ஆட்டோபே அனுமதியோட தனி எண்) ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

தொண்டி_கணக்கு:
காக்கா சொன்னது நேரடியா யூபிஐயில கட்டினதுக்கு. பிளே ஸ்டோர் வழியா எடுத்த சந்தான்னா அங்கேயும் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ல போய் ரத்து பண்ணணும். இல்லேன்னா சந்தா உயிரோட இருக்கும், அதே கணக்குல கார்டு ஏதாவது சேத்திருந்தா அதுல பிடிக்கப் பாப்பான். அங்க ரீஃபண்டுக்கு 48 மணி நேரத்துக்குள்ள கேட்டாத்தான் வாய்ப்பு அதிகம்.

எஸ்எம்எஸ் விஷயம் முக்கியம். பிடிக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி கம்பெனி பேரு, தொகை, தேதியோட அறிவிப்பு வரணும்ங்கறது ரிசர்வ் வங்கி விதி, 2021 அக்டோபர்ல இருந்து நடைமுறையில இருக்கு. வங்கியில பதிஞ்சது பழைய சிம்மான்னு முதல்ல பாருங்க. நம்பர் சரியா இருந்தும் வரலேன்னா அதைப் புகார்ல எழுதுங்க.

வங்கியில போய் ‘மோசடி’ன்னு எழுதிக் கொடுக்காதீங்க. பின் போட்டது நீங்கதான்னு காட்டி முடிச்சு விட்டுருவாங்க. இதழுக்கு மெயில்ல கேளுங்க: ரெண்டு பிடித்தத்தோட தேதி, யூடிஆர் எண் (பணம் போனதுக்கான பரிவர்த்தனை எண்), இலவசம்னு சொன்ன பக்கத்தோட படம். புதுப்பிக்கற விலையை அதுல பொடி எழுத்துல ஒளிச்சிருந்தா அதையும் வட்டம் போட்டுக் காட்டுங்க. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 ஏமாத்து வேலைகள்ல சந்தாப் பொறியும் ஒண்ணு. பதில் இல்லேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் அதிலேயே முடியும். முடியலேன்னா ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

ரத்து பண்ணின பிறகும் பிடிச்சா அது வங்கிப் புகார். 30 நாள்ல தீர்வு இல்லேன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரிகிட்ட போகலாம்.

மண்டபம்_வலை:
நன்றி காக்கா, நன்றி அண்ணே. ஆட்டோபேல ரத்தாயிருச்சு. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுள்ல தேடிக் கூப்பிடலாமா?

கீழக்கரை_காக்கா:
வேணாம். அங்க கிடைக்கற நம்பர்ல போலி நிறைய. இதழோட சொந்தத் தளத்துல இருக்கற மெயிலுக்கு மட்டும் எழுதுங்க. ரீஃபண்டு வாங்கப் பின் போடுன்னோ, ஸ்கிரீன் ஷேர் செயலி இறக்குன்னோ எவனாவது சொன்னா உடனே வச்சிருங்க. பணம் வர்றதுக்குப் பின் நம்பர் தேவையே இல்ல.