குவாசருக்குப் பக்கத்துப் பொட்டு: துணைக் கலக்சியா, இரைச்சலா?

நல்லூரான்:
அல்மா (சிலியில இருக்கிற வானொலித் தொலைநோக்கித் தொகுதி) களஞ்சியத்தில இருந்து பிஎஸ்ஓ ஜே308-21 எண்ட குவாசரின்ர (வாயுவை விழுங்கிற ராட்சதக் கருந்துளையால பிரகாசிக்கிற கலக்சிக் கரு) தரவுக்கனத்தை (ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு படமா அடுக்கின கோப்பு) இறக்கி, கார்ட்டா எண்ட மென்பொருளில திறந்து வைச்சிருக்கிறன். குவாசரோட ஒட்டினபடி ஒரு நீட்டு வால் தெரியுது. தள்ளி விளிம்பிலயும் இரண்டு மூண்டு பொட்டு. எதை நம்புறது? யாழ்ப்பாணத்தில ஏ.எல். பெடியளுக்குக் காட்டத்தான். "கலக்சியள் மோதினதாலதான் குவாசர் பத்தினது" எண்டு சொல்லலாமோ?

கதிர்க்கோடு:
விளிம்புப் பொட்டைத்தான் முதல்ல சந்தேகிக்கவேணும். 12 மீற்றர் அன்ரெனாவுக்கு 263 கிகாஹேட்ஸில பார்வைப்புலம் 22 வில்செக்கன் (ஒரு பாகையின்ர 3600 இல ஒரு பங்கு) அளவுதான். நடுவில இருந்து 11 தள்ளினால் உணர்திறன் பாதி. "பிபிகோர்" எண்ட கோப்பு அந்த இழப்பை ஈடுகட்டேக்க விளிம்பு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிப்போடும். அதால தேடுறது திருத்தாத கோப்பில, பாயம் (வந்து சேர்ற கதிர்ப்பின்ர அளவு) அளக்கிறது திருத்தின கோப்பில.

தொடர் கதிர்ப்பு (ஒரு கோட்டில மட்டுமில்லாமல் எல்லா அதிர்வெண்ணிலயும் பரவி வாறது) கழிச்சாச்சோ எண்டும் பாருங்கோ. அயனான காபனின்ர 158 மைக்ரோமீற்றர் கோடு மூலத்தில 1900.54 கிகாஹேட்ஸ். இந்தக் குவாசரின்ர செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால அலைநீளம் கூடின விகிதம்) 6.234, அதோட 1 ஐக் கூட்டி 7.234 ஆல வகுக்க 262.7 வரும். அதுக்கு இரண்டு பக்கமும் கோடில்லாத சனல்களில (அதிர்வெண் துண்டுகளில) நேர்கோடு பொருத்திக் கழியுங்கோ. கழிக்காட்டி, இடையில நிக்கிற சம்பந்தமில்லாத தூசுக் கலக்சியும் துணை மாதிரி நிக்கும்.

கடைசியா, கனம் முழுவதையும் -1 ஆல பெருக்கி அதே தேடலைத் திரும்ப ஓட்டுங்கோ. அங்க உச்சமா வாறது இரைச்சல்தான். அங்கயும் 4.5 சிக்மா (வழமையான இரைச்சலின்ர 4.5 மடங்கு) உச்சம் வந்தால், இங்க வந்த 4.5 சிக்மாவுக்குப் பெறுமதி இல்லை. ஒவ்வொரு சனலிலும் ஆயிரத்துக்கு மேல கற்றையள் (படத்தில பிரிச்சுப் பாக்கக்கூடிய ஆகச்சின்னத் துண்டுகள்) இருக்கேக்க தற்செயல் உச்சம் தாராளமா வரும்.

வால் உண்மையானது. 20 கிலோபார்செக்குக்கு (ஒண்டு கிட்டத்தட்ட 3260 ஒளியாண்டு) மேல இழுபட்டுக் கிடக்கிற துணை அது.

வடமராட்சி வான்:
"மோதினதாலதான்" எண்டு சொல்லாதேங்கோ. 2017 இல டெகார்லி குழு 25 குவாசர் பாத்து 4 இலதான் துணை கண்டது. தூரம் 8 முதல் 60 கிலோபார்செக், வேக வித்தியாசம் செக்கனுக்கு 600 கிலோமீற்றருக்குள்ள. அந்த 60 ஐ இயற்கையின்ர எல்லை எண்டு எடுக்கவேண்டாம். அந்தக் குவாசர்களின்ர தூரத்தில 1 வில்செக்கன் கிட்டத்தட்ட 5.6 கிலோபார்செக். 11 ஆல பெருக்கிப் பாருங்கோ, அன்ரெனா வெட்டின விளிம்புதான் வருது. அதே வருஷம் ட்ராக்டன்ப்ராட் குழு 4.8 செம்பெயர்ச்சியில 6 குவாசர் பாத்து 3 இல துணை கண்டது. இரண்டுமே சின்ன எண்ணிக்கை.

மோதினால் ஈர்ப்பு முறுக்கத்தில வாயு கோண உந்தத்தை இழந்து கருந்துளைப் பக்கம் விழும், அது சரி. ஆனால் இன்னும் வந்து சேராத துணை, ஏற்கெனவே எரியிற குவாசரைப் பத்தவைச்சது எண்டு சொல்ல, முன்னமே ஒருக்கா நெருங்கிப் போன தடயம் வேணும். ஜே308 இல வால் இருக்கு. குவாசர்க் கலக்சியின்ர வேக வரைபடம் ஒழுங்கா ஒருபக்கம் நீலம் (எங்களை நோக்கி), மறுபக்கம் சிவப்பு (விலகி), அதாவது குழம்பாமல் சுழலுது எண்டு வந்தால் அந்தக் கதை பலவீனம்.

நல்லூரான்:
அப்ப சிஸ்டர்னாஸ் குழுவின்ர 2011 ஆய்வு முடிவு? மோதலே காரணமில்லை எண்டுதானே?

வடமராட்சி வான்:
அது செம்பெயர்ச்சி 0.3 முதல் 1 வரை, கருந்துளை வாயுவை விழுங்கிற 140 நடுத்தர வெளிச்சக் கலக்சிக் கருக்கள். 85 வீதத்துக்கு மேல பெரிய உருக்குலைவு இல்லை. செம்பெயர்ச்சி 6 இல இருக்கிற ராட்சதக் குவாசருக்கு அதை அப்பிடியே பொருத்தேலாது.